ரமணிக்கு மட்டும் ஏறிய லினக்ஸ்

...இல்லை, கீபோர்டுதான் செத்துவிட்டது, வேறென்ன, ஆனால் பெயரை அடித்தபோது உயிரோடிருந்த கீபோர்டு பாஸ்வேர்டு கேட்டதும் எப்படிச் செத்தது, எவ்வளவு தட்டினாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லையே... சந்திரகலா மறுபடி சி.டி.யைப் போட்டாள், காலையிலிருந்து லினக்ஸை முதலிலிருந்து ஏற்றுவது இது மூன்றாவது தடவை, காசில்லாமல் கிடைக்கிற சிஸ்டம் என்று ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்களே, ஏற்றுவதற்குப் படவேண்டிய இந்தப் பாட்டை யாராவது சொன்னார்களா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சரி, ஆனால் ரமணிக்கு மட்டும் எப்படி ஒரே மூச்சில் ஏறியது? பிரிக்ஃபீல்ட்ஸ் கம்ப்யூட்டர் சென்டரில் டைப்ரைட்டர் காலத்திலிருந்து பாடம் நடத்துபவள் சந்திரகலா, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வருபவள், ரமணி நேற்று வந்தவள், சுபாங் ஜெயாவிலிருந்து காரில் வந்திறங்கி, வெட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு, எல்லார் முன்னாலும் ஏற்றிக் காட்டினாள், சென்டர் முதல்வர் சபாபதி வாயைப் பிளந்து நின்றார், புதிய லினக்ஸ் வகுப்பு யாருக்கு என்பது அப்போதே அவர் முகத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு வரவேண்டிய வகுப்பு... திங்கட்கிழமை முடிவு சொல்லிவிடுவார், அதற்குள் இது ஓடவேண்டும், கேட்பதா, போயும் போயும் அவளிடமா, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்... மூன்றாவது தடவையும் ஏறி முடித்து அதே பாஸ்வேர்டில் வந்து நின்றது, விரல் தானாக ஃபோனில் ரமணியின் எண்ணை அழுத்தியது.

"கீபோர்டு நல்லாத்தான்கா இருக்கு. பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுக்குத் தெரியாதுலா, அது அப்படித்தான். அடிச்சிட்டு என்டர் தட்டுங்க. நானும் வீட்டுல ரெண்டு நாள் கீபோர்ட மாத்தி மாத்திப் பாத்து அழுதேன்."

அழுதாளா? அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது, சே, என்ன மனசு இது... அடித்தாள், தட்டினாள், திறந்துகொண்டது, உள்ளே போய்விட்டாள்! சொல்ல வாயெடுப்பதற்குள் ரமணி முந்திக்கொண்டாள்.

"இன்னொன்னுக்கா, அந்தப் புது கிளாஸ் எனக்கு வேணாம், அக்காவுக்கே குடுங்கன்னு நேத்தே சார்கிட்ட சொல்லிட்டேன். அவரும் ஓகேன்னுட்டாரு."

தேங்க்ஸ் என்று சொல்லி ஃபோனை வைத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, பிறகு ஏன் வயிறு முன்னைவிட எரிகிறது... கொடுக்கிற கையும் அவளுடையதுதானா, அவள் வேண்டாமென்று ஒதுக்கியதுதான் எனக்கா, அவள் கெஞ்சிக் கதற, அவளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்திருந்தால் இனித்திருக்குமோ, அப்படியென்றால் நான் ஆசைப்பட்டது வகுப்புக்குத்தானா? கறுப்புத் திரையில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது, அடுத்து என்ன அடிக்கவேண்டும் என்று சந்திரகலாவுக்குத் தெரியவில்லை, அதையும் ரமணியிடம்தான் கேட்கவேண்டும்.