வெட்டுக்குக் கொடுத்த குதிரை

குதிரை இன்னும் செஸ் பலகையின் நடுவில்தான் நிற்கிறது, வெட்டிக்கொள் என்று கமலவேணி நஞ்சுண்டனுக்கு நீட்டிய குதிரை, அவர் வெட்டவில்லை, தோற்றார், ஆட்டம் முடிந்து அரைமணி ஆகியும் ஜெயித்தவளால் எழுந்து போக முடியவில்லை, ஐம்பத்துநாலு வயதில் இது தேவையா, சர்க்கரை நோய்க்காரி இரண்டு தடவை பாத்ரூம் போனது குற்றமாம், அங்கே ஒளிந்துகொண்டு கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடினாளாம், நஞ்சுண்டன் புகாரே எழுதிக் கொடுத்துவிட்டார், இந்தக் குதிரைய மனுசங்க குடுப்பாங்களாங்க, இது மெஷின் மூளை, போன் வாசலில் பையோடு கிடக்கிறது என்றால் யார் நம்புகிறார்கள், நடுவர் பிலோமினா ஆட்டத்தை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், மெஷினும் அதே நகர்த்தலைச் சொல்லிவிட்டால் போச்சு, கோயமுத்தூரில் இனி எந்தப் போட்டியிலும் உட்கார விடமாட்டார்கள். மெஷின் என்றாலே தொண்ணூற்றேழாம் வருஷத்துக் காலைதான், உலக சாம்பியனையே கம்ப்யூட்டர் தோற்கடித்துவிட்டதாம், புருஷன் பேப்பரை மடித்தபடி சொல்கிறார், இனி நீயெல்லாம் ஆடி என்னத்தக் கிழிக்கப்போறே, சோறு வெந்துச்சா பாரு, பார்க்கிறாள், வெந்திருக்கிறது, அதற்குள் இருபது வருஷம் ஓடிவிடுகிறது, பலகை பரணில், பிறகு மகள் போனில் ஏற்றித் தந்த ஆட்டம், தினமும் அதனிடம் தோற்கிறாள், தப்பு தப்பு என்று சிவப்புக் கேள்விக்குறி காட்டும், பாழாய்ப்போனது, ஒருநாளாவது நன்றாக ஆடினாய் என்று சொல்லியிருக்குமா.

மேடம், என்கிறார் பிலோமினா, குதிரையக் குடுத்தீங்கல்ல, அதுக்கு ரெண்டு கேள்விக்குறி போட்டிருக்குதுங்க, படுமோசமான நகர்த்தலாம், எந்த மெஷினும் இதைச் சொல்லித் தந்திருக்காது, மத்ததும் அப்படி அப்படித்தான், புகார் செல்லாது. தப்பா, நெசமாவாங்க, என்று கேட்கிறாள் கமலவேணி, வயிற்றில் பாலை வார்த்தது மாதிரி இருக்கிறது, அப்பாடா, நானே யோசித்து நானே செய்த தப்பு, எவனிடமும் கேட்டு வாங்காதது, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைக்கின்றன.

நஞ்சுண்டன் பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, அப்படின்னா நான் வெட்டியிருந்தா, என்று மெல்லக் கேட்கிறார், நீங்கதானுங்க ஜெயிச்சிருப்பீங்க, என்கிறார் பிலோமினா. தப்பா நெனச்சுப்போட்டனுங்க, மன்னிச்சுக்குங்க, என்கிறார் நஞ்சுண்டன் கமலவேணியிடம், காய்களை ஒவ்வொன்றாகக் குதிரையை நீட்டியபோது இருந்த இடத்துக்கு நகர்த்தி அடுக்குகிறார், குதிரைக்கு மேலே கை தயங்கி நிற்கிறது, வெட்டி ஆடிப் பாக்கலாமுங்களா.

வெட்டுங்க, என்கிறாள் கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னைக்கு நான் சந்தோசமாத் தோத்துக்கறேன்.