கேட்டுக்குப் பக்கத்தில் ஆறு

பாறசாலையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஜெஸ்னாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். மற்ற நாளெல்லாம் யாராவது ஒருவர் கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டியை அவள் மேலேயே சாய்ப்பார். ஞாயிறன்று காலை ஆராதனை முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடி, சேலையை மாற்றி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹிமாலயன் பைக்கை வெளியே எடுத்துவிடுவாள். பின்னால் ஒரு பட்டாளம் சேரும்.

அவர்கள் போகும் வழியை அவள்தான் துண்டு துண்டாகத் தேடிக் கோர்த்தாள். குன்னத்துகாலில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, காட்டாக்கடை சந்தைக் கூட்டத்துக்குள் மாட்டாமல் திரும்பி, நெய்யாற்றைப் பிடிப்பது. பிறகு ஆறு வளைகிற பக்கமெல்லாம் தாமும் வளைந்து, பூவாரில் அது கடலைச் சேரும்வரை போவது. நெய்யாற்றின்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பிபின் அதை வீடியோ எடுத்துப் போடப் போட, நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது திருப்புறத்துக்கு முன்னால் வரும் ஆற்றங்கரைப் பாதை. இடப்பக்கம் கைநீட்டினால் தண்ணீர், வலப்பக்கம் தென்னை. அதன் கடைசியில் சுகிர்தபாயின் சாயாக்கடை. மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும் முந்தின நாளே சொல்லிவைத்தால் போதும், சட்டியோடு காத்திருப்பாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தப் பாதையில் திரும்பிய ஜெஸ்னா சடாரென்று பிரேக் பிடித்தாள். பாதையின் குறுக்கே புது இரும்புக் கேட். ஒரு தூண் தென்னைகளுக்கிடையே எழும்பியிருந்த ரிசார்ட்டின் மதிலோடு சேர்ந்திருந்தது, மறுதூண் ஆற்றின் விளிம்பில் நின்றது. நடுவில் கைப்பிடி அளவு பூட்டு. கேட்டுக்கு அந்தப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் காவலுக்கு இருந்தவரை அவளுக்குத் தெரியும். அவளுடைய சபைக்காரர் ஜெயசிங். அவளைக் கண்டதும் எழுந்து, தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா இது?"

"வெள்ளிக்கிழம வச்சாவ மக்கா. உள்ள தங்குகவங்களுக்கு சத்தம் கேக்கப்பிடாதாம். ஆரையும் விடப்பிடாதுன்னு சொல்லியிருக்கு."

"நடந்து போறவங்க?"

"அவியளும் சுத்தித்தான் போறாவ."

பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பிபின் கேமராவை அணைத்துவிட்டு அவளருகே வந்தான்.

"அக்கா, விடுங்க. ஹைவேல ஏறிச் சுத்திப் போனா அந்தப் பக்கம் கடைக்குப் போயிரலாம். வந்தவங்க முன்னால எதுக்கு வழக்கு?"

ஜெஸ்னா கேட்டின் அருகே போய் நின்றாள். கம்பி வழியாகப் பார்த்தால் வளைவுக்கு அப்பால் சாயாக்கடையின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஆறு வயதில் அப்பாவின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து இதே வழியாகப் பூவாருக்கு மீன் வாங்கப் போனவள் அவள். அன்றைக்கு யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு போகவில்லை.

"பிபின், இண்ணைக்குச் சுத்திப் போனோம்னா என்னைக்கும் சுத்தித்தான் போவணும். இது வழியாக்கும். ரிசார்ட்டுக்காரன் மதில் கட்டுகதுக்கு முன்னால இருந்த வழி."

"அப்போ என்ன செய்யது? பூட்ட ஒடைக்கவா?"

"பூட்ட ஆரும் தொடண்டாம். அது மாமாக்க வேல."

அவள் ஆற்றைப் பார்த்தாள். முன்பு மணல் வாரிய காலத்தில் லாரி இறங்கிய சரிவு ஒன்று கேட்டுக்கு இந்தப்புறமும், வள்ளத்தைக் கரையேற்றிக் கட்டும் கடவுத்துறை ஒன்று அந்தப்புறமும் இருந்தன. இடையில் கோடைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாள். ஆழம் முழங்காலைத் தாண்டவில்லை. அடியில் இறுகிய மணல். தூண் வரை நடந்து, அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறி, ஜெயசிங்குக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"ஏ பிள்ள, என்ன செய்யுக?"

"ஆத்துல எறங்கினேன் மாமா. ஆத்துக்கும் பூட்டு உண்டா?"

அவருக்கு வாய்வரை வந்த சிரிப்பை அவர் இருமி மறைத்தார். பிறகு போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். அது அவர் கடமை. அவளும் தடுக்கவில்லை.

திரும்பி வந்து ஹிமாலயனில் ஏறினாள். "கேட்டுக்கோங்க. முதல் கியர். சைலன்சர் தண்ணியில முங்கினா ஆக்சிலேட்டர விடப்பிடாது. விட்டா வண்டி குடிச்சிரும். பயமுள்ளவங்க ஹைவேல போங்க, ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சரிவில் இறங்கியபோது அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. முன்சக்கரம் மணலில் அரையடி விலகியது. காலை ஊன்றினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து தொடையில் அடித்தது. என்ஜின் உறுமிய உறுமலில் ரிசார்ட் பால்கனிகளில் ஒவ்வொரு தலையாக முளைத்தது. தூணைச் சுற்றும்போது வேண்டுமென்றே ஹாரனை நீளமாக அடித்தாள். கடவில் ஏறி நின்றபோது கரையிலிருந்தவர்கள் கூவினார்கள்.

அடுத்து ஒரு புல்லட், அதன் பின்னால் இரண்டு பல்சர். நாகர்கோவில்காரர் ஒருவர் நடு ஆற்றில் சாய்ந்து முழுக்க நனைந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார். ஆர்யாவிடம் இருந்தது ஸ்கூட்டர். ஆறு மாதத்துக்கு முன்புதான் ஜெஸ்னாவிடம் ஓட்டப் படித்தவள்.

"எனக்க வண்டி நீந்தாது டீச்சர்," என்றாள், கிட்டத்தட்ட அழுதுகொண்டே.

"நீந்தண்டாம். தூக்குவோம்."

நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஸ்கூட்டர் ஆற்றுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜரின் கார் வந்தது.

"இது பிரைவட் பிராப்பர்ட்டியாணு!" என்று மலையாளத்தில் கத்திக்கொண்டே இறங்கினார்.

"ஆறா?" என்று ஜெஸ்னா கேட்டாள். "ஆறு ஆர்க்க பேர்ல சாரே?"

"ஞான் போலீஸினெ விளிக்கும்!"

"கூப்பிடுங்க. நாங்க ஓடிப்போக மாட்டோம். அங்க சாயாக்கடையிலதான் இருப்போம். அவங்களுக்கும் சேத்து ஒரு சாயா சொல்லி வைக்கேன்."

மேனேஜர் ஜெயசிங் பக்கம் திரும்பி, பார்த்துக்கொண்டு நிற்காமல் தடுக்கச் சொல்லிக் கத்தினார். "நோக்கி நிக்காதெ தடயடோ!"

ஜெயசிங் கேட்டில் தொங்கிய பூட்டைக் கையால் இழுத்துக் காட்டினார். "பூட்டு பூட்டினபடிதான் இருக்கு சார். ஆறு எனக்க டூட்டியில்ல."

கடைசியாகப் பிபினின் வண்டி எஞ்சியது. அவன் கேமராவை மறுபடி போட்டு, ஒரு கையால் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கடையில் சுகிர்தபாய் மரச்சீனியை இலையில் தட்டினாள். மூன்று நாளாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை என்றாள். எல்லோரும் ஈர உடையோடு தின்றார்கள். போலீஸ் வரவில்லை.

புதன்கிழமை மேனேஜர் டிரைவிங் ஸ்கூலுக்கே வந்தார். இந்த முறை தமிழில், மெதுவாகப் பேசினார். பிபினின் வீடியோவை ஏகப்பட்ட பேர் பார்த்திருந்தார்கள். ஞாயிறன்று முன்கூட்டிச் சொன்னால் அவளுடைய குழுவுக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிடலாமாம். வீடியோவில் ரிசார்ட்டின் பெயரை நல்லபடியாகச் சொன்னால் போதுமாம்.

"எனக்கு மட்டுமா?"

"உங்க டீமுக்கு."

"மீன் கொண்டு போறவங்களுக்கு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு?"

அவர் நாற்காலியில் நெளிந்தார்.

"அப்போ வேண்டாம் சார். எல்லாருக்கும் தொறக்க நாள் சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க ஆத்துலதான் வாறோம்."

அடுத்த ஞாயிறு அவர்கள் ஆற்றில்தான் வந்தார்கள். இப்போது முப்பத்துக்கும் மேல் வண்டிகள். அன்று இன்னொன்றும் நடந்தது. சுற்றிப் போய்ச் சலித்த ஊர்க்காரர்களும் இறங்கினார்கள். மீன்கூடையைத் தலையில் வைத்தவர்கள், சேலையை முட்டுவரை தூக்கிச் செருகிக்கொண்டு சபைக்குப் போகிறவர்கள், தோளில் சைக்கிளோடு ஒருவர். ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒரு குடும்பம் பால்கனியிலிருந்து இறங்கி கேட்டுக்கு இந்தப்புறம் வந்து, என்ன விஷயம் என்று ஜெயசிங்கிடம் கேட்டது. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தக் குடும்பமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிக் கடவில் ஏறிச் சாயா குடிக்கப் போனது.

மூன்றாம் ஞாயிறு கேட் அகலத் திறந்து கிடந்தது. பூட்டைக் காணவில்லை. மீன்கூடைக்காரர்கள் அதன் வழியே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேனேஜர் மதிலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிபின் வண்டியை அவளருகே கொண்டுவந்தான். "அக்கா, ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவோமா? மரியாதைக்கு."

"நமக்க வழியில போவதுக்கு ஆருக்கு தேங்க்ஸ்?"

அவள் மேனேஜரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜெயசிங்குக்கு மட்டும் கை உயர்த்திவிட்டு, இரண்டாம் கியருக்கு மாற்றினாள். வளைவுக்கு அப்பால் மத்திக் கறி கொதிக்கும் வாசம் வந்தது.