ஏழாம் நம்பர் இடம்

தொண்ணூற்று ஒன்றாம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் வரதராஜன் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் காணவில்லை. யாரும் இடிக்கவில்லை, இடித்த மண்ணும் இல்லை. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடியில் கொட்டகை நின்ற இடத்தில் நகரியிலிருந்து வந்த டூரிஸ்ட் வேன் ஒன்று நின்றிருந்தது. அதன் நிழலில் ஒரு குடும்பம் கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. பசுமாடு வேப்பமரத்தடியில் அசைபோட்டபடி இருந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில், கே.ஜி.கண்டிகை போகிற சாலையில், வீடும் வண்டி மைதானமுமாகச் சேர்த்து வரதராஜனுக்கு மூன்று ஏக்கர். புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கி, அங்கேயே சமைத்து, வண்டிக்கடியில் படுத்து, விடிந்ததும் காவடி எடுத்துக்கொண்டு படியேறுவார்கள். மைதானத்தில் நாற்பத்திரண்டு வண்டிகள் நிற்கலாம். நாற்பத்துமூன்றாவது வண்டிக்கான இடத்தை மைதானம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. தொண்ணூற்று மூன்றில் பின்கட்டு போனது. தொண்ணூற்று ஆறில் கூடம். தொண்ணூற்று ஒன்பதில், கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த முன்னறை. சாமான்கள் மட்டும் ஒன்றுகூட உடையாமல் அடுத்த அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். போட்டோவை மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் இரண்டு முறை சங்கிலி போட்டு அளந்தார். மொத்தம் மூன்று ஏக்கர் சரியாக இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

நாற்பத்துமூன்றாவது வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. வரதராஜனின் அப்பா துரைக்கண்ணு, பெரிய காய்ச்சலில் பிழைத்து எழுந்தபோது ஒரு வேண்டுதல் செய்திருந்தார். மலைக்கு வந்தவரிடம் இடமில்லை என்று இந்த வீட்டு வாய் சொல்லாது. அவர் காலமான பிறகும் வேண்டுதல் வீட்டிலேயே தங்கிவிட்டது. வரதராஜனும் அவர் மனைவி தமயந்தியும் அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தால் ‘வாங்க’ என்றுதான் வந்தது. தெலுங்கு வண்டியாக இருந்தால் ‘ரண்டி’. கண்டிகையிலிருந்து சேட்டு என்கிற ஆளைக் காவலுக்கு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் அவன் கேட்டில் நின்று வண்டிகளைக் கறாராகத் திருப்பினான். மூன்றாம் நாள் தமயந்தி போட்ட சாம்பார் சோற்றைச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் வாயும் வீட்டு வாயாகி, எல்லாரையும் கும்பிட்டு உள்ளே விட்டது.

சாப்பிடாத ஆள்தான் வேண்டும் என்று வரதராஜன் ரொம்ப நாள் யோசித்து, இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த விஜயன் முதலில் லாட்ஜுகளுக்கான சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தான். அது ஒவ்வொரு இடத்துக்கும் ஏசியா, சாதாரணமா என்று கேட்டது. “எல்லாம் வேப்பமரத்து ஏசின்னு போடுப்பா,” என்றார் வரதராஜன். டிசம்பர் கடைசியில், மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் பூஜை நடக்கிற படித் திருவிழாவன்று, நாற்பத்துமூன்றாவதாகப் புத்தூர் டிராக்டர் வந்தது. திரையில் சிவப்பாக, பெரிதாக, இங்கிலீஷில், இடமில்லை என்று வந்தது. டிராக்டரிலிருந்து இறங்கிய பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இன்னா போட்டிருக்குதும்மா என்று தமயந்தியைத்தான் கேட்டார். அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ரண்டி,” என்றாள். மறுநாள் சாமான் அறை இல்லை. மெஷின் சொன்னாலும் அதைப் படித்துக் காட்ட வீட்டு ஆள் வேண்டும் என்பதை யாருமே யோசித்திருக்கவில்லை.

அடுப்பும் படுக்கையுமாக ஒரே அறை மிஞ்சியது. இருவரும் காலை நீட்டிப் படுக்கலாம். யாரும் புரண்டு படுக்கக்கூடாது. தமயந்தி அம்மையார்குப்பத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள், வரதராஜனுக்கு அத்தை மகள். பதினாலு வருஷமாக அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. “இந்த ஆடிக்கு இதுவும் போச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன் பாவா. கோவத்துல சொல்லல. முடியல,” என்றாள். அவர் போய் விஜயனுக்குப் போன் செய்தார்.

இரண்டாவது சாஃப்ட்வேர் வண்டி நிறுத்துமிடங்களுக்கானது. எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று ஒவ்வொரு வண்டியிடமும் கேட்டது. சாமி பார்த்துட்டு என்ற பதிலை அதனால் ஏற்க முடியாமல், அரைமணிக்கு ஒருதரம் கீச்சென்று கத்தியது. பசு பால் சுரப்பதை நிறுத்திக்கொண்டதால் அதை எடுத்துவிட்டார்கள். ஆடி பிறந்து நாலாம் நாள் விஜயன் மூன்றாவதாக ஒரு சிடி கொண்டுவந்தான். அமெரிக்காவில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் அனுப்பியது. அங்கே ஜனங்கள் வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் மைதானங்களில் தங்குவார்களாம். அந்த மைதானக்காரர்களுக்காகச் செய்ததாம்.

“வண்டியிலயேவா குடும்பம் நடத்துறாங்க?” என்றாள் தமயந்தி, கீரை ஆய்ந்தபடி.

“ஆங் அக்கா. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளயே.”

“நம்ம வீட்டவிடப் பெருசுன்னு சொல்லு.”

விஜயன் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினான். கரண்ட் கனெக்‌ஷன் உண்டா? இல்லை. நாய் வரலாமா? வருகிறது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றான். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

“மைதானத்தப் பாத்துக்கறவங்க எந்த இடத்துல தங்குறாங்கன்னு கேக்குது அண்ணா. அவங்களுக்கு மொதல்ல எடம் ஒதுக்கிட்டுத்தான் மத்தவங்களுக்காம்.”

தமயந்தியின் கை கீரையில் அப்படியே நின்றது. “திரும்பப் படி,” என்றாள். அவன் படித்தான். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது.

“எதையாச்சும் போடுப்பா, ஒண்ணாம் நம்பரு,” என்றார் வரதராஜன்.

“ஒண்ணு வேணாம், ரோட்டுத் தூசி. ஏழு. தண்ணிக் குழாயாண்ட, புங்கமரத்தடி,” என்றாள் தமயந்தி. “ரெண்டு பேரு.”

“எதுக்கு வந்திருக்கீங்கன்னும் கேக்குதுக்கா.”

“மலைக்கு வந்தவங்கன்னு போடு. பொய்யில்ல. வந்து பதினாலு வருசம் ஆச்சு.”

எத்தனை நாள் என்ற கட்டம் முந்நூற்று அறுபத்தைந்துக்கு மேல் வாங்கவில்லை. அத்தனையையும் போடச் சொன்னாள். பிரின்டர் ஒரு சீட்டைத் துப்பியது. மற்ற வண்டிக்காரர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதுபோல, அவள் சோற்றுப் பருக்கை தடவி அதைக் கதவில் ஒட்டினாள். இந்த சாஃப்ட்வேரே இருக்கட்டும் என்று தீர்மானமானது. இடமில்லை என்று அது தமிழில் சொல்லுமா என்று விசாரிக்க அவர்களுக்கு மறந்துவிட்டது.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு நாற்பத்தொன்பது வண்டிகள் வந்தன. வழக்கம்போல, அதிகப்படியாக வந்த ஏழு வண்டிக்கும் ‘வாங்க’ என்றும் ‘ரண்டி’ என்றும் சொல்லிவிட்டு, தமயந்தி தன் புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். வரதராஜன் அவளுக்குப் பஸ் நேரம் விசாரிக்கக்கூட நினைத்தார், போகவில்லை. இருவரும் அசதியில் அப்படியே தூங்கிப்போனார்கள். மறுநாள் விடிந்து பார்த்தபோது தமயந்தி புரண்டு படுத்திருந்தாள். அவள் கை எந்தச் சுவரிலும் இடிக்கவில்லை. அடுப்பு ஒரு அறையில் இருந்தது, அவர்கள் இன்னொன்றில் இருந்தார்கள். அதற்கும் முன்னால் முன்னறை, அதன் சுவரில் கொஞ்சம் புழுதியோடு கல்யாணப் போட்டோ. மலைக்கு வந்த அந்த இரண்டு பேருக்கும் மைதானம் இடமில்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். வெளியே நாற்பத்தொன்பது வண்டிகளும் நெருக்கமில்லாமல் நின்றன. அலுவலர் வந்து அளந்து, மூன்று ஏக்கர் என்று எழுதிக்கொண்டு, டீ குடித்தார். இந்த முறை கூடத்தில் உட்கார்ந்து குடித்தார். கூடம் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டிருந்தது.

வருஷா வருஷம் ஆடி முதல் வாரத்தில் ஏழாம் நம்பரைப் புதுப்பித்தார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் மறந்துபோனதற்குப் பின்கட்டு ஒரு வாரம் காணாமல் போய், பதிந்ததும் திரும்பியது. இரண்டாயிரத்து ஏழில் கம்ப்யூட்டர் புகைந்து நின்றுவிட்டது. அதன்பின் தமயந்தியே ஒரு தாளில் பேனாவால் எழுதி ஒட்டினாள். மைதானம் அதையும் ஒத்துக்கொண்டது. திருவிழா நாட்களில் எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் வண்டிக்காரப் பெண்கள் கதவிலிருக்கும் சீட்டைப் பார்த்துவிட்டு, அவளும் தங்களைப்போல வந்தவள் என்றெண்ணி, புளியோ உப்போ கேட்டு வருவார்கள். நீங்க எந்த ஊரும்மா என்பார்கள். தமயந்தி கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “அம்மையார்குப்பம். பாவாகூட வந்திருக்கேன்,” என்பாள்.