லோமியின் குரல்

ஜெனெபெச் கொத்திக்கொண்டிருந்த பச்சை இறைச்சி ‘அம்மா’ என்று கத்தியது. அவள் கத்தியை நிறுத்தவில்லை. மெஸ்கெல் பண்டிகைக்கு ஊரே சேர்ந்து அறுத்த காளையில் பங்கு வாங்காத வீடில்லை. மற்ற வீடுகளில் கறி வாயைத் திறக்கவில்லை. இவள் பலகையில் மட்டும் மூன்று வருஷமாக, அவளுடைய சினைமாடு லோமியின் குரலில், கத்திக்கொண்டிருந்தது. லோமியைக் கழுதைப்புலி தின்றுவிட்டது என்றவன் செத்துப்போன புருஷனின் தம்பி தெக்லே. அவன்தான் விற்றுவிட்டான் என்று அவள் முறையிட்டபோது, “நான் வித்திருந்தா அது என் வயித்துக்குள்ளேருந்து கத்தட்டும்!” என்று பெரியவர்கள் முன் சத்தியமும் செய்தான். அன்றிலிருந்து அவன் மாட்டுக்கறியைத் தொடவில்லை. வயிறு சரியில்லையாம்.

பகையோடு மெஸ்கெல் விருந்தில் உட்காரக்கூடாது என்பது குராகே மக்களின் வழக்கம். அந்த வருஷம் பெரியவர்கள் தெக்லேயைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவள் வீட்டில் உட்கார வைத்தார்கள். ஜெனெபெச் நரம்பு நீக்கிய கறியைப் பொடிப்பொடியாகக் கொத்தி, ஏலம் போட்டு உருக்கிய வெண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றி, மித்மித்தா மிளகாய்ப்பொடியைத் தாராளமாகத் தூவிப் பிசைந்தாள். சத்தம் அடங்கியது. கிட்ஃபோ தயார். தெக்லேயோ கீரையையும் பாலாடைக்கட்டியையுமே சுற்றி வந்தான்.

“என்ன கொழுந்தனாரே, ஆடு மாதிரி மேயுறீங்க?”

“வயிறு சரியில்ல அண்ணி.”

“மூணு வருஷமாவா? புள்ளத்தாச்சிக்குக்கூட பத்து மாசந்தான்!”

கூடம் சிரித்தது. சிரிப்பு ஓய்வதற்குள் அவள் ஒரு பெரிய கவளத்தை உருட்டி அவன் உதட்டருகே நீட்டினாள். ஊட்ட வரும் கையைத் தள்ளினால் சமாதானம் முறிந்தது, ஊரும் ஒதுக்கிவிடும். தெக்லே பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் அவன் வாயைப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

“அம்ம்மா...!”

லோமியேதான். மூத்த பெரியவர் விரலை நக்கிக்கொண்டே, “சத்தியம் பலிச்சிருச்சு, அந்த வெண்ணெய இப்படித் தள்ளும்மா” என்றார்.

அதற்குப்பின் தெக்லேக்கு வேறு பேச்சு வரவில்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு முறை கத்தினால் சம்மதம், இரண்டு முறை கத்தினால் மறுப்பு என்று வைத்துக்கொண்டார்கள். மன்னித்து விடச் சொல்லி அவன் பெண்டாட்டி வந்து அழுதாள். “கத்தட்டும். காது கேக்குற வரைக்கும் கேக்கட்டும்” என்றாள் ஜெனெபெச். யாருடைய காது என்று அவள் சொல்லவில்லை.

இரண்டாம் மழைக்காலத்தில், வொல்கிட்டே சந்தைப் பக்கமிருந்து ஓர் இளம்பசு அறுந்த கயிற்றோடு ஓடிவந்தது. லோமியின் அதே வெள்ளை நெற்றி. விற்ற இடத்தில் பிறந்த கன்று. நேராகத் தெக்லேயிடம் போய், தாயை முட்டுவதுபோல அவன் வயிற்றில் முட்டியது. ஜெனெபெச் கயிற்றைப் பிடித்துத் தன் தொழுவத்தில் கட்டினாள். இப்போதும் பொழுது சாயும்போது தெக்லே அவள் வேலியோரம் வந்து நின்று கத்துகிறான்; அப்போதுதான் அது பால் சுரக்கிறது. அந்த வெண்ணெயில்தான் அவள் வீட்டுக் கிட்ஃபோ.