காற்று வந்த பக்கம்

அந்தப் புகைப்படத்தைப் பார்த்தாலே இன்ஷிராஹுக்குப் பற்றிக்கொண்டு வரும். எகிப்தின் வசந்தத் திருநாளான ஷம் எல்-நசீம் அன்று, நைல் அணைப் பூங்காவில் சுற்றித் திரிந்த படக்காரர் ஒருவர் எடுத்தது. பாய்மேல் அம்மா, அக்கா அஃப்கார், நான்கு வயது இன்ஷிராஹ். நடுவில் உப்பு மீனும் வெங்காயத்தாளும். அப்பா மட்டும் இல்லை. அடுத்த மாதம் வேலைக்கென்று இராக் போனவர் திரும்பவே இல்லை.

“ஒரு நாள் நம்மகூட உக்காந்து சாப்பிட்டிருந்தா அந்த மனுஷன் குறைஞ்சா போயிருப்பாரு?” என்றாள், ஐம்பது வயதிலும் ஆறாமல்.

அஃப்கார் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “வாய் கிழியப் பேசுவே, கண்ணைத் திறந்து பாக்க மாட்டே. பின்னாடி மரத்துல ஒரு இலையாவது ஆடுதாடி?”

“ஆடலை.”

“அப்போ நம்ம முடி மட்டும் ஏன் இப்படிப் பறக்குது?”

இன்ஷிராஹ் படத்தைக் கையில் எடுத்தாள்.

“பழைய சைக்கிள்ல தகர இறக்கையைக் கட்டி அப்பா ஒரு விசிறி செஞ்சிருந்தாரு. படக்காரர் எவ்வளவோ கூப்பிட்டாரு. ‘நான் மிதிக்கிறதை நிறுத்தினா மீன்ல ஈ மொய்க்கும், நீங்க எடுங்க’ன்னுட்டாரு. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!”

இன்ஷிராஹ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அம்மாவும் அக்காவும் கேமராவைப் பார்த்திருந்தார்கள். அவள் மட்டும் முகத்தைத் திருப்பியிருந்தாள். ஏதோ முரண்டு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

நெற்றி முடி பின்னால் பறக்க, காற்று வந்த பக்கத்தையே பார்த்து, வாயெல்லாம் பல்லாக அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.