சூடாக முந்தி நிப்பாட்டக் கூடாது

நீக்கிலாஸ் அந்தச் சனிக்கிழமை விடியவே முகம் வழிச்சு, பூசைக்குப் போடுற நீலச் சேட்டும் போட்டுக்கொண்டு கராஜுக்குள்ள போனார். கார் கழுவப் போற மனுசனுக்கு நீலச் சேட்டு என்னத்துக்கெண்டு கேக்கக் கூடாது. மகள் நடாஷா பதினொரு மணிக்கு வாறாள். நாலு வருசமா கனடாவில அந்தப் பிக்கரிங் வீட்டு வாசலை மிதிக்காத பிள்ளை. தன்ர காரை எடுக்க வாறாளாம் எண்டு நீக்கிலாஸின்ர தங்கச்சி மகள் நிரோஷினிதான் போனில சொன்னவள். தகப்பனுக்கும் மகளுக்கும் நேரில பேச்சில்லை. எந்தச் செய்தியும் நிரோஷினி வழியாத்தான் போய் வரும்.

கார் எண்டால் லேசுப்பட்ட கார் இல்லை. எண்பத்தஞ்சாம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-7. சிவப்பு நிறம், தரையோட பதிஞ்ச உடம்பு. முன் லைற் ரெண்டும் வேணுமெண்டால் எழும்பும், வேண்டாமெண்டால் படுத்திடும். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற காலத்தில நடாஷா அதைத் தேடிப் பிடிச்சு வாங்கிக்கொண்டு வர, "உதென்ன பிள்ளை, தவளைக்குச் சில்லுப் பூட்டினமாதிரி" எண்டு நக்கலடிச்சவர் இவர்தான். அவள் எஞ்சினைக் கழட்டிக் காட்டினாள். ஆள் அடுத்த நிமிசம் நிலத்தில குந்திவிட்டார்.

ஸ்காபரோவில மெஷின் ஷொப்பில இருபத்தஞ்சு வருசம் இரும்பு கடைஞ்ச மனுசன். பிஸ்டன் இல்லாத எஞ்சினை அண்டைக்குத்தான் முதன்முதலாக் கண்டார். மேலயும் கீழயும் ஓடுறதுக்கு அதுக்குள்ள ஒண்டும் இல்லை. வயிறூதின முக்கோணமா ரெண்டு இரும்பு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, நிக்காமல் சுத்தும். ஒவ்வொரு முக்கோணத்தின்ர மூண்டு நுனியிலயும் மெல்லிசா ஒரு தகடு. அதுக்குப் பேர் சீல். ஓடுற நேரம் முழுக்க அந்தத் தகடு சுவரை விடவும் கூடாது, சுவரைக் கிழிக்கவும் கூடாது.

"அதுதான் அப்பா மஸ்டாக்காரரின்ர பெரிய பிரொப்ளம்" எண்டு நடாஷா சொன்னாள். அறுபதுகளில ஹிரோஷிமாவில நாப்பத்தேழு எஞ்சினியர்மார் இதோட கிடந்து மாரடிச்சவை. ஓடவிட்டுக் கழட்டிப் பாத்தால் உள்சுவர் முழுக்க வரிவரியாக் கீறல். பிசாசின்ர நகக்கீறல் எண்டு அவையளே அதுக்குப் பேர் வைச்சவை. வருசக்கணக்கா மண்டையை உடைச்சு, கரியையும் அலுமினியத்தையும் சேத்து ஒரு சீல் செய்தபிறகுதான் கீறல் நிண்டது. தேத்தண்ணி கொண்டுவந்த தாய் ஜோசப்பின், "வீட்டுக்க நிண்டு பிசாசைப் பற்றிக் கதையாதேங்கோ" எண்டு சிலுவை போட்டுக்கொண்டு போனா. தகப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரிச்சினம். அது ஒரு காலம்.

ஜோசப்பின் செத்த அண்டைக்கும் நடாஷா அந்த எஞ்சினோடதான் நிண்டவள். முழுக்கக் கழட்டிப் பரப்பிவைச்சு, கொம்பிரஸரைப் போட்டுக் காத்தடிச்சுத் துப்புரவாக்கிக்கொண்டு நிண்டாள். மேல குசினியில தாய் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டா. கூப்பிட்டாவோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? கொம்பிரஸர் போடுற சத்தத்தில இடி விழுந்தாலும் கேக்காது. வேலை முடிஞ்சு வந்த நீக்கிலாஸ்தான் கண்டவர். விழமுந்தியே உயிர் போயிருக்கும், பக்கத்தில நிண்டிருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாதெண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். மனுசன்ர காதில ஏறினால்தானே! சவச்சாலையில, சனம் நிறைஞ்சு நிக்க, பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு பெத்த பிள்ளையைப் பாத்துச் சொன்னார்: "உந்த இரும்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டு கொம்மாவைச் சாகவிட்டிட்டாய்."

அந்த வாயை அண்டைக்கு ஆராவது பொத்தியிருக்கலாம். ஒருத்தரும் பொத்தேல்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிய நடாஷா உடுப்புப் பெட்டியோட வெளிக்கிட்டாள். எஞ்சின் துண்டு துண்டாப் பெட்டியளுக்க கராஜிலயே கிடந்தது.

ரெண்டு வருசம் அதை அவர் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் எஞ்சின் பெட்டியைத் திறந்தார். தான் சொன்னது அநியாயம் எண்டு அவருக்குத் தெரியும். அடக்கம் முடிஞ்ச அடுத்த கிழமையே தெரியும். "மன்னிச்சுக்கொள் மகள்" எண்டு சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். வாய்க்கு வராததைக் கை செய்யட்டும் எண்டு தொடங்கினார். எஞ்சின் உறுமிற சத்தத்தைக் கேட்டால் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிடும், தான் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை எண்டொரு கணக்கு.

நடாஷா விட்டிட்டுப் போன கொப்பிதான் அவருக்கு வாத்தியார். இங்கிலிஸில படத்தோட எழுதிவைச்சிருந்தாள். முதல் பக்கத்தில சிவப்பு மையில, தகப்பனுக்கெண்டே தமிழில ஒரு வரி: குளிரில ஸ்டார்ட் பண்ணினால் சூடாக முந்தி நிப்பாட்டக் கூடாது. ஏனெண்டால் குளிர் எஞ்சின் பெற்றோலைக் கூடக் குடிக்கும். இடையில நிப்பாட்டினால் எரியாத பெற்றோல் உள்ளுக்க தேங்கி, பிளக்கெல்லாம் நனைஞ்சு, பிறகு தலைகீழா நிண்டாலும் ஸ்டார்ட் வராது. நீக்கிலாஸ் அந்தக் கொப்பியைப் பாடமாக்கினார். நகத்தளவு ஸ்பிரிங்கெல்லாம் விழாமல் இருக்க வசிலின் பூசி ஒட்டவைச்சு, பிழைச்சுப் பிழைச்சு மூண்டுதரம் எஞ்சினைச் சேத்துப் பூட்டினார். போன புதன்கிழமை கார்த் திறப்பைத் திருப்ப, பழைய எண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு அது உயிர் பெற்றது. நாப்பது நிமிசம் ஓடவிட்டு, ஸ்ரியறிங்கில தலையை வைச்சு அழுதார்.

சனிக்கிழமைக்கு வருவம். காரை வெளியில எடுத்துக் கழுவித் துடைச்சு வைக்க நினைச்சார். ஸ்டார்ட் பண்ணி, பத்தடி பின்னுக்கு எடுத்து, வாசல் டிறைவ்வேயில விட்டார். விட்ட கையோட திறப்பைத் திருப்பி நிப்பாட்டினார்.

அட கடவுளே எண்டு நெஞ்சு சொல்லமுந்தி கை செய்து முடிச்சிட்டுது. யாழ்ப்பாணம் குருநகரில, சண்டை நேரத்துப் பெற்றோல் தடைக்காலத்தில, மோட்டச்சைக்கிளுக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின ஆக்களின்ர கை அது. நிக்கிற வண்டியில எஞ்சின் ஓடினால் அதுக்குப் பொறுக்காது. முப்பது வருசமா ரொறொன்ரோச் சிவப்பு லைற்றிலயும் நிப்பாட்டிப் பழகின கை. புதன்கிழமை கொப்பியை மடியில வைச்சிருந்தபடியால் தப்பினவர். திரும்ப ஸ்டார்ட் அடிச்சுப் பாத்தார். கரகரவெண்டு சுத்திச்சுதே தவிரப் பிடிக்கேல்லை. பெற்றோல் மணம் மூக்கைத் துளைச்சுது. பிளக்கைக் கழட்டுவம் எண்டு ஸ்பானரைத் தேடிக்கொண்டு நிக்க, நடாஷாவின்ர கார் வந்து றோட்டில நிண்டது. பின்னால, ஓடாத காரை ஏத்திக்கொண்டு போற ரோ றக் ஒண்டு.

பிள்ளை மெலிஞ்சுபோனாள். தாயின்ர நெத்தி. பெட்டி பெட்டியா இரும்பு ஏத்தத்தான் வந்தவள், முழுக் காரைக் கண்டு வாசலிலயே நிண்டிட்டாள்.

"ஆர் பூட்டினது?"

"நான்தான். கொஞ்சம் பொறு மகள், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறன்."

காருக்குள்ள ஏறித் திறப்பைத் திருப்பினார். கரகர. கரகர. பற்றறியும் சோர்ந்து முனகிச்சுது. நடாஷா கிட்ட வந்து மூக்கைச் சுளிச்சாள். "கோல்டா ஸ்டார்ட் பண்ணி உடன ஓஃப் பண்ணினீங்களா அப்பா?"

"பத்தடிதான் எடுத்தனான்… பெற்றோல் வீண்தானே எண்டு…"

அவளுக்குச் சிரிப்பும் வந்துது, கண்ணும் நிறைஞ்சுது. "பரவாயில்லை. யூனியன்வில்லில ஒருத்தருக்கு வித்திட்டன். எஞ்சின் ஓடாதெண்டு சொல்லித்தான் வித்தனான். நான் வான்கூவருக்கு வேலை மாறிப் போறன், நெக்ஸ்ற் வீக்."

வித்திட்டாளாம். ரோ றக்குக்காரன் சங்கிலியை இறக்கத் தொடங்கினான். நடாஷா கார் ஜன்னலுக்குள்ளால குனிஞ்சு, சின்னப் பிள்ளையில கேக்கிற குரலில கேட்டாள்:

"அப்பா, அண்டைக்குச் சொன்னீங்களே. இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களா?"

கேட்டிட்டாள். நாலு வருசமா அந்த மனுசன் ஏங்கின வாசல், தானாகத் திறந்து நிண்டது. "இல்லை" எண்ட ஒரு சொல் போதும். நீக்கிலாஸ் மகளின்ர முகத்தைப் பாத்தார். குனிஞ்சு திறப்பைப் பிடிச்சார்.

"இன்னொருக்கா அடிச்சுப் பாப்பம் பிள்ளை. இந்தமுறை பிடிக்கும்."

நடாஷா கார்க் கதவைத் திறந்தாள். பிறகு, "விடுங்கோ அப்பா, இறங்குங்கோ" எண்டாள். தகப்பன்ர கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாள். நீலச் சேட்டில பட்டிருந்த கிறீஸை ஒருக்காத் தடவிப் பாத்தாள். போய்த் தன்ர காரில ஏறினாள்.

றக் மஸ்டாவை இழுத்து ஏத்தி, பெருஞ்சத்தமா உறுமிக்கொண்டு றோட்டில இறங்கினது. அப்பதான் மனுசனுக்கு வாய் திறந்துது. செருப்புக் கழர, வெறுங்காலோட ஓடினார். "இல்லை மகள்! நான் அப்பிடி நினைக்கேல்லை! இல்லையடி பிள்ளை!" றக்குக்கு முன்னால போன அந்தக் காரின்ர கண்ணாடி பூட்டியிருந்தது. மூலை மட்டும் ஓடினார். ரெண்டும் வலப்பக்கம் திரும்பிப் போட்டுது.

பொக்கற்றில போன் இருந்தது. நிரோஷினிக்கு அடிச்சுச் சொல்லிவிடலாம். ஆள் வைச்சுச் சொல்லுற சொல்லா அது? மூலையில நிண்டபடி இன்னும் ரெண்டுதரம் சொல்லிப் பாத்தார். இப்ப நல்லா வந்துது, தடக்காமல்.