சிட்டுவின் பேரில் ஒரு மாணவி

வீட்டில் இருந்தது ஒரே போன். பள்ளிக்கூடத்தை மூடி, பாடமெல்லாம் போனுக்குள் வந்தபோது, அந்தப் போன் சிட்டுவின் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு என்று சூப்பர்வைசர் போனில்தான் சொல்வார். அப்பா லாரியோடு பாதி நாள் வெளியூரில். ஆக, ஏழாம் வகுப்புப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்க, அவள் வகுப்பு மட்டும் அம்மாவின் மேலங்கிப் பையில் கிடந்தது.

முதல் வாரம் வருகைப் பதிவே விழவில்லை. இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று டீச்சர் போன் செய்து சொன்னார். மறுநாள் டீச்சர் பெயர் கூப்பிட்டதும், அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, 'உள்ளேன் மிஸ்' என்று தட்டிவிட்டாள். மைக் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய்யையும் சேர்த்தாள். பாதிப் பிள்ளைகள் முகம் காட்டாமல்தான் இருந்தார்கள். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடத்தைச் சாயங்காலம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

பெயர் பதிந்ததும் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. தேய்க்கிற கைக்குக் காது தேவையில்லையே. ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். சின்ன வயதில் பாதியில் விட்ட படிப்பு. அன்றைக்குத் தலையில் ஏறாத பின்னக் கணக்கு, இந்த டீச்சர் சொல்லும்போது பளிச்சென்று புரிந்தது. ஒருநாள் கேட்ட கேள்விக்கு வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று விடையைத் தட்டினாள். வகுப்புக்குப் போனில் பதிந்திருந்தது மகளின் செல்லப் பெயர்தான் என்பதால் டீச்சர், "சபாஷ் சிட்டு" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னக்கா, லாட்டரி விழுந்துருச்சா என்று பக்கத்தில் மடிப்பவள் கேட்டாள்.

அதன் பிறகு விடை போடாத நாள் குறைவு. சாயங்காலம் சொல்லிக்கொடுப்பதுதான் நின்றுபோனது. நின்று நின்று கால் வீங்கி வருபவள், நாளைக்குப் பாத்துக்கலாம் என்பாள். விட்டது தொல்லை என்று சிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

பள்ளி திறந்த முதல் நாளே டீச்சர் ஆசையாகச் சிட்டுவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். சாக்பீஸோடு நின்றவளுக்கு ஒன்றும் வரவில்லை. போனில் டாண் டாண் என்று விடை போடுவாயே என்று கேட்டுவிட்டு, கூச்சமாக்கும் என்று உட்காரச் சொன்னார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் சிட்டுவுக்கு வயிற்றுவலி. அடுத்த நாள் தலைவலி. பிறகு காரணமே சொல்லாமல் போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். கடைசியில் போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அங்க எல்லாரும் உன்னைத்தாம்மா தேடுறாங்க. நீயே போ."

அன்றே அம்மா அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தாள்: போன் ஒன்றுதான், வேலை அப்படி, வேறு வழியில்லை. எல்லாம் உண்மைதான். டீச்சர் எதிரே வந்து உட்கார்ந்ததும் அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அந்தப் பதிலெல்லாம் நான் போட்டது மிஸ். அட்டெண்டன்ஸுக்காகத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்கே பிடிச்சுப்போச்சு. அவளை மறந்துட்டேன்."

டீச்சர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"வராத பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் நான் நேர்ல போனேன். அங்கங்க கேட்டு, பழைய போன் வாங்கிக் குடுத்தேன். உங்க பொண்ணு தினம் வர்றாளேன்னு உங்க வீட்டுப் பக்கமே வரல."

அவள் எழுந்தபோது, பதில்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன என்று டீச்சர் மெல்லச் சொன்னார். அந்த நேரத்திலும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. அதற்காக அவள் பின்னால் பல நாள் தன்னையே நொந்துகொண்டாள்.

பள்ளி விட்டதும் பின்தங்கிய பிள்ளைகளோடு சிட்டுவையும் உட்காரவைத்து டீச்சர் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சிட்டு போனாள், சில நாள் போகாமலும் இருந்தாள். அம்மா எட்டிப் பார்த்தால் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள். அவள் முணுமுணுத்தபடி தப்பாகப் போட்டு, ரப்பரால் தேய்த்து, மறுபடி போடுவது அடுப்படி வரை கேட்கும். அம்மா விடையைச் சொல்லிவிடாமல் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் துலக்குவாள்.